சிரசே பிரதானம்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நமது பாட்டிமார் வாக்கு. அதை ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். ஆனால் நமது பிள்ளைகளுக்குத் தேகப் பயிற்சி கற்பிக்கும் விஷயத்தில் அவ்வாக்கை நாம் சிறிதும் பொருட்படுத்தவில்லையென்று வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொழிலாளி ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்தார். ஓசூர் சிப்காட் வட்டாரத்தில், மோட்டார் வண்டிகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறையொன்றில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர். கூடவே அவருடைய பதினாறு வயது மகனும் வந்திருந்தான். தந்தை ஒரு காகிதத்தை நம் முன் வைத்தார். "வக்கீல் ஸார், பையன் குத்துச்சண்டை பழக வேண்டுமென்று ஆறு மாதமாகப் பிடிவாதம் பண்ணுகிறான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. இதிலே கையெழுத்துப் போட்டு வந்தால் சேர்த்துக்கொள்ளுகிறோம் என்கிறார்கள். போடலாமா?" என்று கேட்டார். படித்துப் பார்த்தோம். பயிற்சியிலோ போட்டியிலோ எந்தக் காயம் நேர்ந்தாலும், உயிரே போனாலும், கூடத்தார் பொறுப்பாளிகளல்லர் என்று பத்து வரிகளில் எழுதியிருந்தது. என்னென்ன காயம் நேரக்கூடும் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்தக் காகிதத்தைப் பற்றி முதலில் சட்டம் சொல்லுவதைச் சொல்லிவிடுகிறோம். 1860ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 87வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 25வது பிரிவாக அமலில் இருக்கிறது. பிரிவின் எண் மாறிற்று, பொருள் மாறவில்லை. இருவர் வேடிக்கையாகக் கத்தி விளையாட ஒப்புக்கொண்டால், வஞ்சனையில்லாத அவ்விளையாட்டில் நேரும் தீங்குக்கு இருவரும் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். ஆனால் அந்தச் சம்மதம் 18 வயதுக்கு மேற்பட்டவனுடைய சம்மதமாயிருக்க வேண்டும். மேலும், மரணத்தையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் நோக்கமும், அது விளையக்கூடுமென்ற அறிவும் செய்கிறவனுக்கு இருத்தலாகாது. 28வது பிரிவோ, உண்மையைத் தவறாக உணர்ந்து ஒருவன் கொடுத்த சம்மதம், எதிரியும் அதை அறிந்திருந்தால், சம்மதமேயன்று என்கிறது. நமது முன் நின்ற பையனுக்குப் பதினாறு வயது. தந்தைக்கோ எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதே தெரியாது. அறிந்து கொடுப்பதுதான் சம்மதம். அறியாமல் கொடுப்பது பலி.

எதை அறிய வேண்டும்? 2022ம் வருஷம் ஜூலை மாதத்தில் பெங்களூரில் ஒரு கிக்-பாக்ஸிங் போட்டி நடந்தது. மைசூரைச் சேர்ந்த 23 வயது வாலிபர் ஒருவர் எதிராளியின் குத்துப்பட்டு மேடையில் விழுந்தார். மீண்டும் எழுந்திருக்கவில்லை. சில நாட்களுக்குள் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். போட்டி நடந்த இடத்தில் தக்க வைத்திய வசதி இல்லையென்று குடும்பத்தார் புகார் செய்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. இது நடந்தது அமெரிக்காவிலன்று. நமது ஓசூரிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தூரத்திலுள்ள நகரத்தில். நமது வாலிபர்கள் தினந்தோறும் அத்திப்பள்ளிச் சாவடியைத் தாண்டி அந்நகரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிறார்கள். அங்கே தோன்றும் புதுப் பழக்கமெல்லாம் மறுமாதமே இங்கே வந்துவிடுகிறது. ஆகவே அந்த மரணத்தை அயலூர்ச் செய்தியென்று நாம் ஒதுக்க முடியாது.

மூளை என்பது மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் மிருதுவான பொருள். தலையில் ஓங்கிக் குத்தும்போது மண்டை சட்டென்று திரும்புகிறது. உள்ளேயிருக்கும் மூளை அதே வேகத்தில் திரும்ப இயலாமல் முறுக்குண்கிறது. அதன் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. சில சமயம் மூளையின்மேலுள்ள இரத்தக்குழாய் அறுந்து, உள்ளுக்குள்ளேயே இரத்தம் கட்டி, மூளையை நெருக்கிக் கொல்லுகிறது. வெளியே ஒரு கீறலும் இராது. எதிராளி நினைவிழந்து விழுவதையே 'நாக்-அவுட்' என்று கொண்டாடுகிறார்கள். நினைவிழத்தல் என்பது வேறொன்றுமன்று. மூளைக்கு நேர்ந்த காயமே அது. ஒரு மனிதனுடைய மூளைக்குக் காயம் உண்டாக்குவதையே வெற்றியென்று விதித்திருக்கும் ஆட்டம், தீங்கு விளையக்கூடுமென்ற அறிவில்லாமல் ஆடப்படுகிறதென்று எந்த வக்கீல் வாதிக்க முடியும்?

இது புதிதாகக் கண்ட சங்கதியுமன்று. 1928ம் வருஷத்திலேயே மார்ட்லண்டு என்ற அமெரிக்க வைத்தியர், பல வருஷம் குத்துப்பட்ட மல்லர்கள் குடிகாரரைப்போல் தள்ளாடி, நாக்குழறி, புத்தி மங்குவதைப் பற்றி எழுதினார். 1973ல் இங்கிலாந்தில் கார்ஸெலிஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் குத்துச்சண்டையிலிருந்து ஓய்வுபெற்று இறந்த 15 பேருடைய மூளைகளைச் சோதித்து, அதற்கென்றே உரிய சேதங்களைக் கண்டார்கள். பிரிட்டிஷ் வைத்தியர் சங்கம் 1982 முதற்கொண்டு குத்துச்சண்டையையே ஒழிக்க வேண்டுமென்று சொல்லி வந்திருக்கிறது. உலகமெல்லாம் போற்றிய முகம்மது அலிக்கு 1984ல் நடுக்கு வாத நோய் இருப்பதாக வைத்தியர்கள் கண்டார்கள். அதற்கு குத்துகளே காரணமென்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் அவ்வளவு அழகாகப் பேசிய நாவு அடங்கிப்போனதை 2016ல் அவர் மறையும்வரை உலகம் கண்ணீருடன் பார்த்துக்கொண்டிருந்தது.

குத்துச்சண்டையை நாம் இழிவு செய்யவில்லை. வடசென்னையின் மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் சார்பட்டா, இடியாப்பா என்று பரம்பரை கட்டி அக்கலையை வளர்த்த சரித்திரத்தை 2021ல் வெளிவந்த திரைப்படம் தமிழ்நாடு முழுவதுக்கும் எடுத்துக் காட்டிற்று. அந்த ஏழைகளின் மானத்துக்கும் உழைப்புக்கும் நாம் தலை வணங்குகிறோம். ஆனால் வணங்குவதற்கும் தலை வேண்டும். ஒருவருடைய வீரத்தை மெச்சுவது வேறு. நமது பிள்ளையின் மூளையை அதற்கு ஈடு வைப்பது வேறு.

"தலைக்கவசம் போட்டுக்கொண்டால் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. கவசம் தோல் கிழியாமலும் காது நசுங்காமலும் காக்கும். மண்டை திரும்புவதையும் உள்ளே மூளை முறுக்குண்பதையும் அது நிறுத்தாது. 2013ல் ஆண்களுக்கான சர்வதேசக் குத்துச்சண்டையில் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள்; 2016 ஒலிம்பிக்கில் ஆண்கள் கவசமின்றியே மோதினார்கள். அதன் நன்மை தீமையைப் பற்றி விவாதம் உண்டு. ஆனால் கவசத்தை நம்பிக் கவலையற்றிருக்கலாம் என்ற கொள்கைக்கு அத்துடன் முடிவு ஏற்பட்டது. இன்னுமொன்று: போட்டி வருஷத்தில் சில நாட்களே நடக்கும், பயிற்சி தினந்தோறும் நடக்கும். நினைவிழக்கச் செய்யாத சிறு குத்துகளும் நாள்தோறும் சேர்ந்தால் தீங்கே என்பது வைத்தியர்களின் கவலை. எனவே "நான் போட்டிக்குப் போவதில்லை, பழகுகிறேன், அவ்வளவுதான்" என்பவனும் தப்பினவனல்லன்.

அப்படியானால் எதைக் கற்பது? அந்தப் பையனும் இதைத்தான் கேட்டான். "நான் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கட்டுமா, ஸார்?" என்றான். நியாயமான கேள்வி. சண்டைக் கலைகளின் பெயரைப் பார்த்து நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்லுதல் தகாது. ஒவ்வொரு கலையிலும் விதிப் புஸ்தகம் எதற்குப் பரிசு கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். மனிதன் எதற்குப் பரிசு கிடைக்குமோ அதையே செய்வான்.

டேக்வாண்டோவில் மார்பில் உதைத்தால் 2 புள்ளி, தலையில் உதைத்தால் 3 புள்ளி. அதற்குப் பிறகு, "தலையைத் தொடாமல் ஆடுங்கள்" என்று ஆசிரியர் எவ்வளவு உபதேசித்தாலும் என்ன பிரயோஜனம்? போட்டிக் கராத்தேயிலும் தலைக்கு உயர்த்தும் உதைக்கு அதிகப் புள்ளிதான். ஆயினும் அங்கே அடியை அடக்கித் தொடவேண்டுமென்றும், மிஞ்சி அடித்தால் தண்டனையென்றும் விதியுண்டு. ஆகவே அங்கே எல்லாம் ஆசிரியரின் கண்டிப்பைப் பொறுத்தது. மல்யுத்தத்திலோ எதிராளியின் இரு தோள்களையும் தரையில் படவைத்தவனே வென்றவன்; குத்துவதும் உதைப்பதும் குற்றம். தரையில் புரண்டு கை கால்களைப் பூட்டும் ஜியுஜித்ஸுவில், பூட்டுண்டவன் தரையைத் தட்டினால் ஆட்டம் அக்கணமே முடிந்தது. இவற்றில் முழங்கால் திருகும், காது வீங்கும், சில சமயம் தலையும் மோதும்; இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் தலையில் அடிப்பவனுக்கு இங்கே பரிசு இல்லை. தற்செயலாக நேர்வதற்கும், வேண்டுமென்றே செய்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

விதி மட்டும் போதாது என்பதற்கு ஜப்பானே சாட்சி. 1882ல் கானோ ஜிகோரோ நிறுவிய ஜூடோவில் குத்தும் உதையும் போட்டிக்கு உரியவையல்ல. அப்படியிருந்தும் 1983க்குப் பிந்திய சுமார் முப்பது வருஷங்களில் ஜப்பானியப் பள்ளிக்கூடங்களில் ஜூடோ பழகிய பிள்ளைகள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, மாண்டவர்களில் பலர் புதிதாகச் சேர்ந்தவர்கள். சரியாக விழக் கற்பதற்கு முன்பே, பின்னந்தலை தரையில் மோதும்படி வீசப்பட்டவர்கள். 2012ல் நடுத்தரப் பள்ளிகளில் தற்காப்புக் கலைகள் கட்டாயப் பாடமாவதையொட்டி, அந்நாட்டில் இதைப் பற்றிப் பெருங்கூச்சல் எழுந்தது. நாம் இதிலிருந்து கற்கவேண்டிய பாடம் ஒன்று: வீசக் கற்பதற்கு முன் விழக் கற்க வேண்டும். மாதக்கணக்கில் விழவே பழக்காத ஆசிரியர், அவர் இடுப்பில் எந்த நிறக் கச்சை இருந்தாலும், ஆசிரியரல்லர்.

நமது சொந்தக் கலைகளையும் இதே தராசில் நிறுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். சுதேசியம் என்பதற்காக எடைக்கல்லை மாற்றலாகாது. சிலம்பத்தில் தனியாகக் கம்பு சுழற்றுவது, கால் வரிசை, அலங்காரம் இவையெல்லாம் கண்ணுக்கும் தோளுக்கும் மூச்சுக்கும் ஒப்பற்ற பயிற்சி. எதிராளியே இல்லாததால் எதிராளியின் அடியும் இல்லை. ஆனால் இருவர் கம்பு கோத்து ஆடும்போது நெற்றிப்பொட்டைத் தொட்டவனே வென்றான் என்ற பழைய வழக்கமும் உண்டு. முற்காலத்து வாத்தியார் கையில் அது தொடுதலாகவே நின்றிருக்கலாம். அரைகுறையாய்க் கற்ற பையன் கையில் அது அடியாகிவிடும். அப்பகுதிக்குத் தலைக்கவசமும், கண்டிப்பான நடுவரும் அவசியம். சடுகுடு என்னும் கபடி 1990 முதல் ஆசிய விளையாட்டில் இடம்பெற்று நமக்குக் கௌரவம் தந்தது. அதிலும் பிடிப்பவர்கள் இருபுறமும் பாயும்போது தலையோடு தலை மோதுகிறது. கட்டாந்தரையில் விழுந்தால் மண்டை உடைகிறது. மெத்தை விரித்து, பிடிக்கும் முறையைக் கற்பித்து ஆடுவதும், தார் ரோட்டோரத்தில் ஆடுவதும் ஒன்றல்ல. விழுப்புரத்தில் பிள்ளைகள் சிறப்பாகப் பயிலும் மல்லர் கம்பம் மெத்தையும் ஆசிரியரும் உள்ள இடத்தில் மிக நல்லது.

நமது எல்லைப்புறத்துக்கு மிக அருகில் வேறொரு செல்வமும் இருக்கிறது. மைசூர் நகரத்தில் 'கரடி மனை' என்று சொல்லும் மல்யுத்தக் கூடங்கள் உண்டு. தசராக் காலத்து மல்யுத்தம் பிரசித்தமானது. நமது மொழியிலும் கரடிக்கூடம் என்ற பழஞ்சொல் உண்டு. அது விலங்கைக் குறித்ததன்று, பயிற்சிச்சாலையைக் குறித்தது. குழைத்த செம்மண்ணில் விழுந்து, எழுந்து, வணங்கி, மறுபடி பிடிக்கும் அந்தக் கலைக்கு எண்ணெயும் மண்ணும் லங்கோடும் போதும். பட்டறைத் தொழிலாளியின் பிள்ளைக்குக் கட்டுப்படியாகும். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் பேசும் ஓசூரில், மூன்று பாஷைக்காரரும் ஒரே மண்ணில் இறங்கிப் பழகும் ஒரு கரடிக்கூடம் ஏன் எழக்கூடாது?

"இப்படிப் பயந்து பயந்து வளர்த்தால் வீரம் எங்கிருந்து வரும்?" என்று ஆக்ஷேபிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நமது ஜில்லாவையே காட்டுகிறோம். 2023 பிப்ரவரி 2ந் தேதி சூளகிரிக்கருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதித்ததென்று, வாலிபர்கள் கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையையே மணிக்கணக்காக மறித்துவிட்டார்கள், கல்லும் பறந்தது. அச்செயலை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் தைரியம் இந்த ஜில்லாவில் குறைந்துபோயிற்றென்று யாரும் கவலைப்பட வேண்டுவதில்லை. குறைந்திருப்பது தைரியமன்று, அதைச் செலுத்துவதற்கு நல்ல மைதானமும், நல்ல ஆசிரியரும், நல்ல விதியுமே. தைரியம் என்பது அபாயத்தை அறியாமையன்று. அறிந்தபின் எதற்காக அதை ஏற்பது என்று தெரிந்தெடுப்பதே தைரியம்.

இன்னொரு ஆக்ஷேபம் இதைவிட வலியது. "குத்து மேடையில் சாவது நூற்றிலொருவர்கூட இல்லை, நெடுஞ்சாலையில் தலை சிதறுவோரே அதிகம், அதை விட்டு இதைப் பேசுவானேன்?" என்பது. உண்மைதான். இருசக்கர வண்டியைச் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊரிலேயே, தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். பெங்களூரில் மூளைக்கும் நரம்புக்கும் வைத்தியம் செய்யும் பெரிய ஸ்தாபனமாகிய நிம்ஹான்ஸ் நமது ஊரின் பெயரைத் தாங்கிய ஓசூர் ரோட்டின் மீதே நிற்கிறது. அவ்வழியே அங்கே போய்ச் சேர்ந்த நமது குடும்பங்கள் எத்தனையோ! ஆகவே தலைக்கவசம் போடாமல் வண்டியேறும் தந்தை, மகனுக்குக் குத்துச்சண்டை வேண்டாமென்று சொல்லுவது நகைப்புக்கிடமாகும். ஆனால் ஒரு தவற்றைக் காட்டி மற்றொரு தவற்றை நியாயப்படுத்த முடியாது. ரோட்டிலே போகாமல் பிழைக்க முடியாது. தலையில் குத்துப்படாமல் பிழைக்க முடியும்.

நமது வட்டாரத்துக்கு இவ்விஷயம் ஏன் முக்கியமென்றால், இங்கே ஏழையின் ஒரே முதல் அவனுடைய தெளிந்த தலைதான். நிலமுள்ளவன் ஒரு மாதம் தலைவலியோடு படுத்திருக்கலாம். பிரஸ் மிஷினின் கீழே தகடு வைத்து எடுக்கும் கை, கண் மங்கினாலும் கவனம் சிதறினாலும் விரலை இழக்கும். இராமுறை வேலை பார்த்துவிட்டுக் காலையில் வண்டியோட்டி வீடு திரும்புகிறவனுக்கு, மயக்கம் ஒரு நொடி போதும். தலையில் அடிபட்டவனுக்குச் சில நாள் அல்லது சில வாரம் யோசனை மந்தமாயிருக்கும், வெளிச்சம் கூசும், தூக்கம் கெடும். "அது ஒன்றுமில்லை" என்று மறுநாளே முறைக்குப் போகிறவன் எப்படிப்பட்ட அபாயத்தின் முன் நிற்கிறானென்று ஆலைக்காரர்களும் யோசிக்க வேண்டும்.

ஆதலால் பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவது இது. எந்தக் கூடத்திலும் கையெழுத்திடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் ஆட்டத்தில் எதற்குப் பரிசு, தலையில் அடிப்பதற்கா? என் பிள்ளைக்கு முதலில் விழக் கற்பிப்பீர்களா? தலையில் அடிபட்டவனை என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு ஒரே ஒரு சரியான பதில் உண்டு. தலையில் அடிபட்டு ஒரு கணம் தடுமாறினவனும், குழம்பினவனும் அன்று மறுபடி ஆடக்கூடாது. வைத்தியர் அனுமதியளித்த பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, அடங்காத தூக்கம், வலிப்பு, கண்மணி ஒன்று பெரிதாவது, காதிலோ மூக்கிலோ நீரோ இரத்தமோ வருவது, இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். "தண்ணீர் தெளித்தால் சரியாகிவிடும்" என்பவரிடம் பிள்ளையை ஒப்புவிக்க வேண்டாம்.

சர்க்காருக்கும் நகரசபைக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோளும் பெரிதன்று. 18 வயது நிரம்பாதவர்களைத் தலையில் அடிக்கும் போட்டிகளில் இறக்கக்கூடாது. வைத்தியரும் ஆம்புலன்ஸும் மேடையருகே நில்லாமல் எந்தச் சண்டைப் போட்டிக்கும் அனுமதி தரக்கூடாது. பயிற்சிக்கூடங்கள் வாங்கும் சம்மதக் காகிதத்தில், பொறுப்பில்லையென்ற பத்து வரிக்குமுன், நேரக்கூடிய தீங்கு இன்னதென்று தமிழிலும் கன்னடத்திலும் தெளிவாக எழுத வேண்டும். தொழிற்பேட்டைக்கு ஏக்கர் ஏக்கராக நிலம் ஒதுக்கியவர்கள் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு ஓடவும், நீந்தவும், மண்ணில் புரளவும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். 2004ல் தனி ஜில்லாவான கிருஷ்ணகிரியும், 2019ல் மாநகராட்சியான ஓசூரும் தங்கள் பெருமைக்கேற்ற இந்தச் சிறு காரியத்தைச் செய்யாமலிருப்பதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

அந்தத் தந்தை காகிதத்தில் கையெழுத்திடவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "தம்பி, வக்கீல் ஸார் சொன்ன மூன்று கேள்வியையும் நீயே போய்க் கேட்டு வா. பதில் சரியாயிருந்தால் நான் போடுகிறேன்" என்று மகனிடம் சொன்னார். பையனின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனால் அவன் சரியென்று தலையசைத்தான். இவ்விஷயத்தில் நாம் கண்ட மிகச் சிறந்த தீர்ப்பு இதுவே. தடுப்பதனாலன்று, கேட்கக் கற்பிப்பதனாலேயே பிள்ளைகள் ஆண்மையடைகிறார்கள்.

தமிழ் வாலிபர்களே! உங்கள் தோள் திரளட்டும், மூச்சு நீளட்டும், மண்ணில் நூறு முறை விழுந்து நூற்றோராவது முறை எழுங்கள். ஆனால் உங்கள் சிரசை எவனுக்கும் புள்ளிக்கு விற்காதீர்கள். இந்த நாடு உங்களிடம் கேட்கப்போகிற வேலைகளெல்லாம் அதனாலேயே ஆகவேண்டியவை.